தலைநகருக்கு ஆறு வேண்டுமா?

பள்ளியில் நாம் முதலில் படிக்கும் வரலாறு ஆறுகளின் வரலாறு. நைல் கரையில் எகிப்து, யூப்ரடீஸ், டைக்ரிஸ் நடுவே சுமேரியா, சிந்துக் கரையில் மொகஞ்சதாரோ, கங்கைக் கரையில் பாடலிபுத்திரம், வைகைக் கரையில் மதுரை. ஆறு வண்டலைக் கொண்டுவந்தது, வண்டலில் தேவைக்கு மேல் விளைந்தது, அந்த உபரியை நம்பி வணிகரும் பூசாரியும் அரசனும் உண்டானார்கள், அரசனுக்கு ஒரு தலைநகரம் எழுந்தது என்று பாடம் போகும். பெங்களூரின் அல்சூர் ஏரியை இந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பாடம் இடறுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர் பெங்களூர். மேட்டின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை விருஷபாவதி என்ற சிற்றாறாக இறங்கி அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் பெய்வது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலைத் தொடுகிறது. அல்சூர் இருப்பது கிழக்குச் சரிவில். ஊருக்குள் பேராறு ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் இந்த மேட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஊர்கள் இருந்திருக்கின்றன. இன்று அது ஒரு மாநிலத்தின் தலைநகரம், கோடிக்கு மேற்பட்ட மக்களின் வீடு.

இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைநகரங்களைத் தாங்கி நிறுத்தியது நீரைத் தேக்கவும், பங்கிடவும், அந்த ஏற்பாட்டை ஆண்டுதோறும் பழுதுபார்க்கவும் தெரிந்த சமூக ஒழுங்குதான் என்பதும், ஆறு அந்த ஒழுங்குக்குக் கிடைத்த ஒரு வசதி மட்டுமே என்பதும் என் வாதம். ஆற்றங்கரையில் இருந்த தலைநகரங்களையும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அவற்றின் எழுச்சியும் வீழ்ச்சியும் விளங்கும். அல்சூர் அதற்கு நல்ல சான்று. ஏனென்றால், ஆற்றுத் தீவிலிருந்த ஒரு தலைநகரம் கைவிடப்பட்டு ஏரி மேட்டுக்கு மாறியது வரலாற்றின் வெளிச்சத்தில், நாள் தேதியோடு இங்கேயே நடந்தது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது மைசூர் அரசின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொள்ளும் தீவு அது. 1610 முதல் உடையார்களும், பிறகு ஹைதர் அலியும் திப்புவும் அங்கிருந்தே ஆண்டார்கள். தண்ணீர், அரண், நெல் வயல் என்று பாடநூல் கேட்கும் எல்லாமே அங்கே இருந்தன. வென்ற பிரிட்டிஷ் படை அந்தக் கோட்டையிலேயே தங்கியது. சில ஆண்டுகளிலேயே காய்ச்சல் படையைத் தின்னத் தொடங்கியது. எதிரியைத் தடுத்த அதே ஆற்று ஈரம் நோயையும் வளர்த்தது. 1809இல் படை முகாம் அல்சூர் கிராமத்தை ஒட்டிய மேட்டுக்கு மாற்றப்பட்டது. கன்டோன்மென்ட் என்று நாம் இன்றும் சொல்லும் பகுதி அப்படிப் பிறந்தது. 1831இல் மைசூர் நிர்வாகத்தைக் கம்பெனி தன் கையில் எடுத்துக்கொண்டபோது தலைமை அலுவலகமும் பெங்களூருக்கே வந்தது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்ச் சிப்பாய்களும் கொத்தனார்களும் வணிகர்களும் கூலித் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். அல்சூரின் இன்றைய முகம் அவர்களால் ஆனது. மதராஸ் சாப்பர்ஸ் என்று அறியப்படும் பொறியாளர் படைப்பிரிவின் மையம் இன்றைக்கும் அந்த ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

அந்தப் படை வெறும் மேட்டுக்கு வரவில்லை. அங்கே ஏற்கெனவே ஏரிகள் இருந்தன. 1537இல் பெங்களூர்க் கோட்டை நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் கெம்பேகவுடர் விஜயநகரத்துக்கு அடங்கிய சிற்றரசர். அவர் காலத்திலும் அவர் வழியினர் காலத்திலும் தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி போன்ற ஏரிகள் வெட்டப்பட்டன. அல்சூர் ஏரியையும் அந்தக் குடும்பத்தோடுதான் மரபு இணைக்கிறது. கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று அல்சூர் ஏரியை ஒட்டி நிற்கிறது, இன்னொன்று கெம்பாம்புதி ஏரிக்கரையில். ஆற்றங்கரை அரசர்கள் படித்துறைக்குக் காவல் வைத்ததுபோல இங்கே ஏரிக்குக் காவல் இருந்தது.

கெம்பேகவுடரோடும் இது தொடங்கவில்லை. அல்சூரிலிருந்து தெற்கே அதிகத் தொலைவில்லாத அகரத்தில் கங்கர் காலத்து 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரிகளுக்கு மதகு அமைத்ததைப் பதிவு செய்கிறது. கிழக்கே காடுகோடியில் 1043ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. பெர்மாடி கவுண்டன் மகன் இராசராச வேளான் என்ற தலைவன் பட்டந்தூர் ஏரியை மதகோடு அமைத்து, பிள்ளையாருக்கும் துர்க்கைக்கும் க்ஷேத்திரபாலருக்கும் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. இன்றைய விமான நிறுவனப் பகுதிக்கு அருகே விபூதிபுரத்தில் 1307ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. காட்டைத் திருத்தி, நிலத்தைச் சமன்செய்து, ஏரி வெட்டி, ஊர் உண்டாக்கியதை அது வரிசையாகச் சொல்கிறது. அல்சூருக்கு அடுத்த தொம்மலூரின் சொக்கப்பெருமாள் கோயிலிலும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஆட்சி கங்கருடையதோ சோழருடையதோ ஹொய்சளருடையதோ, கல்வெட்டின் மொழி கன்னடமோ தமிழோ, செய்த வேலை ஒன்றே. காடு, ஏரி, கோயில், ஊர் என்ற அந்த வரிசைதான் இந்த மேட்டின் உண்மையான வரலாறு என்று நான் நினைக்கிறேன். இங்கே ஆறு இருந்த இடத்தில் ஊர் எழவில்லை. ஏரியும் ஊரும் ஒரே மூச்சில் உண்டாக்கப்பட்டன.

இந்த ஏரிகளைத் தனித்தனிக் குளங்களாகக் கருதினால் அவற்றின் அருமை புரியாது. மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி இறங்கும் ஒவ்வொரு மடிப்பிலும் குறுக்கே ஒரு மண்கரை. கரையில் மதகு, அது வயலுக்கு. கரையின் ஓரத்தில் கலிங்கு. கன்னடத்தில் அதைக் கோடி என்பார்கள். ஏரி நிறைந்ததும் மிச்சம் கலிங்கு வழியாக வழிந்து ராஜகாலுவை என்ற பெருவாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். அல்சூர் வழிந்தால் பெல்லந்தூருக்கு, பெல்லந்தூர் வழிந்தால் வர்த்தூருக்கு, வர்த்தூர் வழிந்தால் தென்பெண்ணைக்கு. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் பெய்யும் மழையை இந்த வரிசை மெதுவாக இறக்குகிறது. இறங்கும் வழியெல்லாம் நிலத்தடியில் ஊறவிடுகிறது. கரைக்குக் கீழே கிணறுகளில் ஊற்று நிற்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது அடியில் தங்கிய வண்டலை அள்ளி வயலுக்கு எருவாகப் போடுவார்கள்; ஏரிக்குத் தூர் வாரிய மாதிரியும் ஆயிற்று, வயலுக்கு உரம் போட்ட மாதிரியும் ஆயிற்று. மதகைத் திறந்து மூடி ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துப் பாய்ச்ச நீர்கண்டி என்ற ஊழியர் இருந்தார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்யும் நுட்பம் அவர் கையில் இருந்தது. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்; அவர் காத்த நீரில் அவருக்குக் கிடைத்த பங்கு சிறியது. ஏரிக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் இந்த உண்மையை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு எளிதாக வரும். பெங்களூர் பழைய காலத்தில் ஒரு சிற்றரசரின் கோட்டை. பேரரசு எழுப்பிய ஊர்களையும் அதையும் ஒப்பிடலாமா, உலகின் ஆதி நாகரிகங்கள் எல்லாம் பேராற்றங்கரையில்தானே எழுந்தன என்று கேட்பார்கள். எழுந்தன, மறுக்கவில்லை. அவை எப்படி நின்றன, ஏன் விழுந்தன என்பதை அகழாய்வு சொல்லும்போது ஆறு பின்னால் போய்விடுகிறது. ராஜஸ்தானின் காலிபங்கனை எடுத்துக்கொள்வோம். காய்ந்துகிடக்கும் கக்கர் ஆற்றுப்படுகை ஓரத்தில் உள்ள சிந்துவெளி நகரம் அது. அங்கே இமயப் பனியால் பெருகிய பேராறு ஓடியது, ஆறு போனதும் நகரம் அழிந்தது என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். கான்பூர் ஐஐடியும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, படுகையின் அடிமணலை ஆராய்ந்து வேறொன்று சொன்னது. அந்தப் படுகையில் ஓடிய சட்லெஜ், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்பே தடம் மாறிவிட்டது. நகரங்கள் எழுந்தது அதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் பின்னால். பேராறு கைவிட்ட தடத்தில், பருவமழை நீரையும் நிலத்தடி ஊற்றையும் நம்பி, வெள்ள அபாயம் குறைந்த இடம் பார்த்துத்தான் மக்கள் குடியேறினார்கள். பேராற்றை விட்டு விலகி நின்றதே அங்கே வசதியாக இருந்திருக்கிறது.

சிந்து நதிக்கு அருகிலேயே இருந்த மொகஞ்சதாரோவில் செங்கல் கிணறுகள் 700க்கு மேல் இருந்திருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு பக்கத்தில் இருந்தும் குடிநீருக்கு அவர்கள் நம்பியது தெருவுக்குத் தெரு இருந்த கிணற்றை. குஜராத்தின் தோலாவிராவில் பேராறே இல்லை. உப்பு ரண் நடுவே ஒரு தீவு, மழை வந்தால் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகள். அவற்றை மறித்து, நகர மதிலையொட்டி வரிசையாகக் கல்லில் குடைந்தும் கட்டியும் நீர்த்தேக்கங்கள் அமைத்து, நூற்றாண்டுக் கணக்கில் ஒரு பெருநகரை நடத்தியிருக்கிறார்கள். 1990 முதல் ஆர்.எஸ்.பிஷ்ட் தலைமையில் நடந்த அகழாய்வு இதை வெளிக்கொண்டுவந்தது. 2021இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெங்களூரின் ஏரி வரிசைக்கு மூதாதையரைத் தேடினால் நைல் கரைக்குப் போக வேண்டாம், தோலாவிராவுக்குப் போகலாம்.

ஆற்றையே முழுதாக நம்பிய தலைநகரங்களுக்கு ஆறே எமனாகவும் ஆனது. இரண்டாம் ராமேசஸ் நைலின் கிழக்குக் கிளையில் எழுப்பிய பை-ராமேசஸ், அந்தக் கிளை மணல் தூர்ந்ததும் வாழத் தகுதியற்றதாகிவிட்டது. அதன் சிலைகளையும் கற்களையும் பெயர்த்து டானிஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள். சுமேரியரின் ‘ஊர்’ என்ற நகரம் யூப்ரடீஸை ஒட்டி இருந்தது. ஆறு தடம் மாறிப்போக, இன்று அதன் இடிபாடுகள் பாலைநிலத்தில் தனியே கிடக்கின்றன. மெசபடோமியாவின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1958இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தெற்கு மெசபடோமியாவில் வடிகால் இல்லாமல் தொடர்ந்து பாய்ச்சியதால் மண்ணில் உப்பு பூத்ததையும், கோதுமை குறைந்து உப்பைத் தாங்கும் வாற்கோதுமை மிகுந்ததையும் காட்டியது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பாய்ச்சிய தண்ணீர் வெளியேற வழி செய்யாததுதான் குறை. மௌரியர் தலைநகரான பாடலிபுத்திரம் கங்கையும் சோணும் கூடும் முனையில் இருந்ததாக மெகஸ்தனிஸ் வழியாக அறிகிறோம். இன்று சோண் ஆறு பாட்னாவுக்குப் பல மைல் மேற்கே கங்கையில் கலக்கிறது.

நம் பக்கத்துச் சான்றுகள் இன்னும் நெருக்கமானவை. கங்கர்களின் தொடக்கத் தலைநகரம் கோலார், கல்வெட்டுகளின் குவளாலபுரம். பேராறு இல்லாத ஏரி நாடு அது. பின்னர் அவர்கள் காவிரிக் கரையில் உள்ள தலக்காட்டுக்கு மாறினார்கள். இன்று கோலார் உயிருள்ள மாவட்டத் தலைநகரம். தலக்காட்டின் பழைய கோயில்கள் மணற்குன்றுக்குள் புதைந்து, தோண்டித்தான் வெளியே எடுக்கப்பட்டன. ஓர் அரசியின் சாபத்தால் மணல் மூடியது என்பது மக்கள் கதை. 14ஆம் நூற்றாண்டில் மேலே கட்டிய மாதவமந்திரி அணையால் நீரோட்டம் குறைந்து, வளைவில் வெளித்தெரிந்த மணலைக் காற்று அள்ளிக் கொட்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அணை கட்டியவர்கள் கீழே இருக்கும் ஊரை நினைக்கவில்லை என்பது இந்த விளக்கத்துக்குள் இருக்கும் செய்தி.

இராசேந்திரனின் முடிவு இதைவிட வியப்பானது. காவிரிப் படுகையின் செழிப்பு முழுவதும் கைவசம் இருந்தும், தஞ்சையை விட்டுவிட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே வறண்ட நிலத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பினான். ஆறு இல்லாத குறையைத் தீர்க்கச் சோழகங்கம் என்ற பேரேரி. பல மைல் நீளக் கரை. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. இரண்டரை நூற்றாண்டு அது சோழர் தலைநகரமாக இருந்தது. பிறகு கரை உடைந்து, வரத்துக் கால்வாய் தூர்ந்தபின் அங்கே கோயிலும் சிற்றூரும் மிஞ்சின. பேரரசன் ஏரி வெட்டலாம், அதைப் பழுதுபார்க்கும் ஆள் இல்லாமல் போனால் நிலைக்காது. வைகைக் கரை மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியன் நெடுஞ்செழியனுக்கே குடபுலவியனார் என்ற புலவர், பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்கச் சொல்லி அறிவுரை கூறுவதைப் புறநானூற்றில் படிக்கிறோம். ஆறு ஓடும் தலைநகரில் இருந்த அரசனுக்கும் அந்த அறிவுரை தேவைப்பட்டிருக்கிறது. இலங்கையின் அநுராதபுரம் மல்வத்து ஓயா என்ற சிறிய ஆற்றங்கரையில் இருந்துகொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக விளங்கியது. அபயவாவி, திசாவாவி, நுவரவாவி என்ற குளங்கள் அதைத் தாங்கின. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவாவியிலிருந்து 87 கிலோமீட்டர் நீளக் கால்வாய் நகருக்கு நீர் கொண்டுவந்தது. அதன் முதற்பகுதியின் சரிவு மைலுக்குச் சில அங்குலம்தான்; கருவிகள் மலிந்த இக்காலப் பொறியாளரும் மதிக்கும் வேலை அது.

இவ்வளவு நீர்வேலைக்கு ஒரு கடும் சர்வாதிகாரி வேண்டாமா என்ற கேள்வி அடுத்தது. 1957இல் கார்ல் விட்ஃபோகல் ஒரு பெருநூலில் இதையே வாதிட்டார். பெரிய பாசன வேலைகளுக்குப் பெரும் ஆள்படை வேண்டும், ஆள்படையைத் திரட்ட வரம்பில்லா அதிகாரம் வேண்டும், ஆகவே கீழை நாடுகளில் கொடுங்கோன்மை வளர்ந்தது என்றார். இரண்டே ஆண்டில் எட்மண்ட் லீச் என்ற மானுடவியலாளர் இலங்கைக் குளங்களைச் சான்று காட்டி மறுத்தார். அந்தப் பெரிய அமைப்புகள் ஒரே திட்டத்தில் எழுந்தவை அல்ல, நூற்றாண்டுகளாகத் துண்டு துண்டாகச் சேர்ந்தவை. சிறு குளங்களைக் கிராமங்களே நடத்தின, தலைநகர அதிகாரம் சரிந்த பிறகும் அவை பிழைத்தன என்பது அவர் வாதத்தின் சாரம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலையால் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதியைச் சொல்கின்றன. பிராமணர் ஊர்ச்சபை அது, எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை; இருந்தாலும் ஏரியைக் காப்பது அரண்மனையின் வேலையாக விடப்படவில்லை. பெங்களூர்க் கல்வெட்டுகளில் ஏரி வெட்டியவர்களும் பேரரசர்கள் அல்லர், உள்ளூர்த் தலைவர்கள்தாம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான சான்று இதுவே.

ஏரி இருந்தால் நகரம் பிழைத்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. கம்போடியாவின் அங்கோர் அதற்குச் சாட்சி. மேற்கு பாரே என்ற அதன் நீர்த்தேக்கம் 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே பெருமழையும் மாறி மாறித் தாக்கியதை வியட்நாம் மரங்களின் ஆண்டு வளையங்கள் காட்டுகின்றன. ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த பெரிய கால்வாய்கள் உடைந்தபோது அவற்றைத் திரும்பச் சரிசெய்ய முடியாமல் போயிற்று. அளவு பெரிதாகி, ஒரே மையத்தை நம்பியிருந்ததுதான் அங்கே பலவீனமாயிற்று.

இப்போது கடைசி மறுப்பு, வலுவானதும் இதுவே. பழங்கதை இருக்கட்டும், இன்றைய பெங்களூர் காவிரியைத்தானே குடிக்கிறது என்பது அது. உண்மை. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வரும்வரை தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர், சாங்கி ஏரிகளும் கிணறுகளும் நகரைத் தாங்கின. 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என மூன்று இடங்களில் இறைத்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றி நீரைக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கியபின் மொத்தத் திறன் நாளுக்கு 222 கோடி லிட்டரைத் தாண்டுகிறது. அல்சூர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். சராசரி ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதில் நிற்பது 100 கோடி லிட்டர். நகரின் அரை நாள் தேவைக்குக்கூடக் காணாது. ஏரிகளை மீட்டால் காவிரி வேண்டாம் என்று சொல்லும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. ஏறத்தாழ 710 சதுர கிலோமீட்டர் மாநகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதை 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஏறத்தாழ 189 கோடி லிட்டர் வருகிறது. ஆவியாவதும் ஓடிப்போவதும் கழிந்து அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்க முடியும் என்றாலும், அது அற்பமில்லை. அந்த ஒரு பகுதியைப் பிடித்து நிலத்தடிக்கு அனுப்பும் இடம்தான் ஏரி. தர்மாம்புதி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆனது, சம்பங்கி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது, கோரமங்களா ஏரி தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பு ஆனது. ஏரி போன இடத்தில் மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கிறது, கோடையில் போர்வெல் வறள்கிறது. 2024 மார்ச்சில் மாநகராட்சியின் போர்வெல்களில் ஏறத்தாழ பாதி வறண்டுவிட்டதாக மாநில அரசே சொன்னது. தண்ணீர் லாரிக்கு விலை நிர்ணயிக்க வேண்டிய நிலை வந்தது. காவிரிக் குழாய் எட்டாத புறநகர்ப் பகுதிகள்தான் அதிகம் தவித்தன.

காவிரியை நம்புவதில் தமிழருக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு விலையும் உண்டு. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்துப் பெங்களூர்த் தமிழர்கள் மீது வன்முறை ஏவப்பட்டது. அந்த ஆண்டே அல்சூர் ஏரிக்கரைக்கு வந்த திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்படும்வரை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2007 இறுதித் தீர்ப்பில் நடுவர் மன்றம், பெங்களூரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது, குடிநீர்த் தேவையில் பாதி நிலத்தடி நீரால் தீரும் என்று கணக்கிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் நகரம் முழுவதற்குமாக 4.75 டிஎம்சி கூடுதலாக ஒதுக்கியது. கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் விட வேண்டிய நீர், இதுவும் வேறொரு குறைப்பும் சேர்ந்து, 177.25 டிஎம்சி ஆகக் குறைந்தது. படுகைக்கு வெளியே இருக்கும் அந்த மூன்றில் இரண்டு பங்கில் அல்சூரும் அடக்கம். அல்சூர்க்காரர் குடிப்பது காவிரி, அவர் வீட்டுக் கழிவுநீர் போவது தென்பெண்ணைக்கு. குடிநீரை மறுக்கச் சொல்லி நான் வாதிடவில்லை. தாகத்துக்குப் படுகை எல்லை கிடையாது, அந்தத் தீர்ப்பு மனிதாபிமானம் உள்ளது. ஆனால் நிலத்தடி நீர் பாதித் தேவையைத் தீர்க்கும் என்று ஒரு நடுவர் மன்றம் நம்பக்கூடிய நிலையில் இருந்த நகரம், தன் ஏரிகளைக் காத்திருந்தால், கீழே இருக்கும் உழவரிடமிருந்து அவ்வளவு கேட்க வேண்டியிருக்காது.

காவிரியிலிருந்து ஏறி வரும் நீரின் பெரும்பகுதி கழிவாகி இதே பள்ளத்தாக்கில் இறங்குகிறது என்பதுதான் இப்போது கவனிக்க வேண்டியது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது. கீழே பெல்லந்தூர் 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்தது. வர்த்தூரில் நுரை சாலைக்கு ஏறியது. அந்தச் சுமை தென்பெண்ணை வழியாக ஓசூர் கெலவரப்பள்ளி அணை வரைக்கும் நுரையாகத் தமிழகத்தில் இறங்குகிறது. இதே பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018இல் செயல்படத் தொடங்கியது. கங்கர்களின் முதல் தலைநகரத்து ஏரிகள் இப்போது கர்நாடகத்தின் இன்றைய தலைநகரம் பயன்படுத்திக் கழித்த நீரால் நிறைகின்றன. பல கிராமங்களில் கிணறு ஊறியிருக்கிறது. இரண்டு நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்தாமல் மூன்றாம் நிலையும் செய்து அனுப்ப வேண்டும் என்று அங்குள்ள உழவர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது, ஓசூருக்கும் அதே நியாயம் பொருந்தும். மேலேயிருந்து வேலையைத் தொடங்குவதானால் அல்சூரில் தொடங்கலாம். ஏரிக்கு வரும் ராஜகாலுவைகளில் சாக்கடைக் குழாய் கலக்கும் ஒவ்வோர் இடத்தையும் அடைத்து, மழைநீர் மட்டும் உள்ளே வரவும், நிறைந்தது கலிங்கு வழியாகச் சுத்தமாகக் கீழிறங்கவும் செய்வது ஒரு மாநகராட்சியால் ஆகக்கூடிய காரியம்தான்.